சேலைக்கடைத் தாய்மாமன்

படியேறி வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், அவர் எனக்கு என்ன உறவு என்பதை முடிவு செய்துவிட வேண்டும். அரூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பட்டுப் பிரிவில், வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார்ந்து உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்ட வித்தை அது. தலை நரைத்தவர் என்றால் ஆத்தா. என்னைவிட மூத்தவர் அக்கா, இளையவர் தங்கச்சி. ஆனால் மூத்தவர்களிலேயே சிலரை அக்கா என்றால் முகம் சுருங்கிவிடும், அவர்களும் தங்கச்சிதான். தங்கச்சி வீட்டுக்காரர் மாப்பிள்ளை. அவருக்குச் சேலைக்கடை என்றாலே கொட்டாவி வரும் என்பதால் ஒரு நாற்காலியையும் காற்றாடிக்குக் கீழே இடத்தையும் முதலில் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு நான் மாமா.

உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பேச்சு தானாக வரும். எங்கே கல்யாணம், யாருக்கு வளைகாப்பு, போன மழைக்கு மரவள்ளி என்ன ஆனது, மாமியாருக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது. நான் கேட்பதைவிட அவர்கள் சொல்வது அதிகம். அதோடு அவர்கள் வாயிலிருந்து சொலவடைகள் விழும். அவற்றை மட்டும் நான் கீழே விடமாட்டேன். தீர்த்தமலைப் பக்கத்து அம்மா ஒருவர், எடுத்த சேலையை மாற்றித்தர முடியுமா என்று கேட்ட மகளை அதட்டினார்: “எடுத்த பொடவையும் குடுத்த பொண்ணும் திரும்பி வரக்கூடாதுடி.” அதை அடுத்த வாரம் இன்னொரு குடும்பத்துக்கு எடுத்து விரித்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு சேலை கூடுதலாக எடுத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. என் படிப்பெல்லாம் இப்படி மெத்தையில் வந்து உட்கார்ந்து எழுந்து போனவர்கள் விட்டுச்சென்றது.

கடையைச் சாத்தினால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் அறைக்குப் போவேன். அங்கே எனக்கு யாரும் எந்த உறவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் எங்கள் ஊர் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். எனக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு தள்ளிப்போடுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போனது. கூடப்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. அவள் சின்ன வயதிலேயே மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகி, வடக்கே எங்கோ ஒரு மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அவளுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தால் பேச்சு முடிந்துவிடும்.

அக்கா மடத்துக்குப் போனதில் எனக்கு ஒரு இழப்பு உண்டு என்பது எனக்கே வெகுநாள் தெரியவில்லை. நான் ஒருநாளும் தாய்மாமன் ஆக முடியாது. எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. காது குத்த மடி வேண்டுமா, மாமன். பெண் பெரியவளானால் ஓலைக் குடிசை கட்டவும் முதல் சேலை கொண்டுவரவும் மாமன். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க மாமன். வேலைவெட்டி இல்லாதவனாக இருந்தாலும் அன்றைக்கு ஒருநாள் ஊரே எழுந்து வழிவிடும். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் என்னை மாமா என்று கூப்பிட, ஒரு பிள்ளைக்கும் நான் மாமன் இல்லை.

இது எனக்கு உறைக்க ஆரம்பித்த நேரத்தில்தான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தத் தங்கச்சி வந்தார்.

வருடக்கணக்காக வருகிறவர்தான். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, ஊர்த் திருவிழாவுக்கு என்று எது எடுத்தாலும் மாடிக்கு வந்து, “அண்ணா இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் சாப்பிடப் போயிருந்தால் காத்திருப்பார். அந்த முறை கூடவே மகளும், வீட்டுக்காரரின் அக்காவும் வந்திருந்தார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. பெரியவளாகி விசேஷம் வைத்திருக்கிறார்கள். நாத்தனார் அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மெத்தையில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்ப்பா, நல்ல பொடவையா காட்டு. இவ அண்ணன்காரன் கொண்டாரப்போறதில்ல. நாங்களேதான் எடுத்து நாங்களேதான் கட்டிவுடணும்.”

“அக்கா, கடையில வந்து எதுக்கு அதெல்லாம்?” என்றார் தங்கச்சி.

“கடையில பேசாட்டி பந்தல்ல பேசுவாங்கடி. எங்க சனம் சும்மா இருக்குமா? மாமன் சீர் எங்கன்னு கேக்காதா?”

நான் பேச்சை மாற்றுவதற்காகச் சேலைகளை இறக்கினேன். அந்தப் பெண் அம்மாவுக்குத் தெரியாமல் என் பக்கம் குனிந்து, “மாமா, அரக்குக் கலர் மட்டும் காட்டாதீங்க, ப்ளீஸ். எங்கம்மாவுக்கு அரக்குன்னா உசுரு,” என்றாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெளிர் ரோஜா நிறம், சின்னச் சரிகை. அதே மாதிரி ஒன்று என்னிடம் இருந்தது. எடுத்துப் பிரித்து அவள் தோளில் போட்டு, முந்தியை இழுத்துவிட்டு, இந்த மாதிரி விசேஷத்துக்கு வருகிற எல்லாப் பெண்களிடமும் நான் சொல்லும் வார்த்தையைச் சொன்னேன்:

“எந்திரி ராசாத்தி, கண்ணாடியில பாரு. மாமன் சீர் வந்துருச்சு!”

எப்போதும் சிரிப்பு வரும் இடம் அது. பெண் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். நாத்தனார் மட்டும் கைதட்டினார்.

“பாத்தியாடி, பொறந்த மாமன் வரல, பொடவக்கட மாமன் வந்துட்டாரு!”

விஷயம் பிறகு தெரிந்தது. தங்கச்சியின் பிறந்த வீடு காரிமங்கலம் பக்கம். அப்பா இறந்த பிறகு காட்டை அண்ணன் பேருக்கு மாற்ற இவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போடமாட்டேன் என்றுகூட இவர் சொல்லவில்லை. “யோசிச்சு சொல்றேன்,” என்றிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு இவர் போய்க் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தும் அவர் பேசவில்லை. இப்போது மகளின் விசேஷத்துக்குப் பாக்கு வெற்றிலையோடு போனதற்கு, வீட்டிலேயே இருந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்.

“கடன் கேக்காம கெட்டுச்சு, உறவு போவாம கெட்டுச்சும்பாங்க,” என்றார் தங்கச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் போயுமில்லண்ணா கெட்டுது?”

நான் பெண்ணின் தோளிலிருந்த சேலையை எடுத்து மடித்தேன். அன்றைக்கு வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் சேலை எடுத்தார்கள். பெண்ணுக்கு எடுக்கவில்லை. “மாமன் எடுக்க வேண்டியத நான் எடுத்தா, அவரு வரமாட்டாருன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்ணா,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சில நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

“அண்ணா, ஒண்ணு கேப்பேன். கடைக்காரரா பதில் சொல்லாதீங்க.”

“கேளு தங்கச்சி.”

“எம்பொண்ணுக்கு நீங்க வந்து மாமனா நிக்கறீங்களா?”

தங்கச்சி தங்கச்சி என்று நான் விரித்துப் போட்ட வார்த்தையை ஒருவர் மடித்து எடுத்துக்கொண்டு வந்து, இது எனக்குத்தானே என்று கேட்டால் என்ன சொல்வது? நான் யோசிக்கவில்லை. “நிக்கறேம்மா,” என்றேன். சொன்ன பிறகுதான் விளங்கியது, வெகுநாளைக்குப் பிறகு எனக்கு என்று ஒரு விசேஷம் வந்திருக்கிறது.

கீழ்த்தளத்தில் சட்டைத்துணிப் பிரிவில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யோவ், கட உறவு ஏசியில வெச்ச பூ மாதிரி. கதவத் தொறந்து வெயிலுக்குக் கொண்டுபோனா அரமணி நேரம் தாங்காது.”

“அவங்களா கூப்புட்டாங்க.”

“கூப்புடுவாங்கய்யா. நாமளுந்தான் தெனம் ஆயிரம் பேரக் கூப்புடறோம்.”

அந்த ஞாயிறு அக்கா போன் செய்தபோது அவளிடம் சொன்னேன். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டாள். பிறகு சிரித்தாள்.

“நான் மட்டும் கல்யாணம் பண்ணியிருந்தா உனக்கு இந்த அலைச்சலே இல்ல பாரு.”

“நீ பண்ணியிருந்தா வரிசையா அஞ்சாறு பெத்திருப்ப. நான் சீர் செஞ்சே ஓட்டாண்டி ஆயிருப்பேன்.”

“தட்டுல வெக்க மறந்துடாத, கண்ணாடியும் சீப்பும். அம்மா எல்லாத்துக்கும் வெப்பாங்க,” என்றாள். மடத்தில் இத்தனை வருடம் இருந்தும் அவளுக்கு அது நினைவிருந்தது.

கண்ணாடி, சீப்பு, வளையல், மஞ்சள், குங்குமம், பழம், இனிப்பு, மாலை எல்லாம் வாங்கினேன். அந்த வெளிர் ரோஜாப் பட்டை என் பேரில் எழுதி எடுத்துக்கொண்டேன். எத்தனையோ பேருக்குச் சேலை காட்டியிருக்கிறேன். எனக்கென்று ஒரு சேலை எடுத்தது அதுதான் முதல் தடவை. பெட்டியில் வைத்து மூடுவதற்கு முன் இரண்டு தரம் பிரித்துப் பார்த்தேன். சரிகையில் குற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குடிசை கட்ட வேண்டுமே என்று முதல் பேருந்திலேயே கிளம்பிவிட்டேன். இரண்டு பெரிய பைகள். கண்டக்டர், “என்னண்ணே, வரிசையா? ஆளுங்க யாரும் வரலியா?” என்று கேட்டார். “பின்னாடி வர்றாங்க,” என்று சொல்லிவிட்டேன்.

கிராமத்து நிறுத்தத்தில் இறங்கியதும் எதிரிலேயே பெரிய பிளெக்ஸ் பேனர். பூப்புனித நீராட்டு விழா, நடுவில் பெண் கிரீடம் வைத்துச் சிரிக்கிறாள், சுற்றிலும் சொந்தக்காரர்கள் வட்டவட்டமாக. மேலே ஓரத்தில், மற்றவர்களைவிடப் பெரிய வட்டத்தில், அடர்ந்த மீசையோடு ஒருவர். கீழே ‘தாய்மாமன்’ என்று எழுதியிருந்தது. அண்ணனின் படம்.

பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தேன். வராதவர் படத்தை எதற்குப் போட்டிருக்கிறார்கள்? பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊருக்காகப் போட்டிருப்பார்கள். மாமன் இடம் காலியாக இருந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். என் படத்தைப் போட்டால் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள். அதுவும் சரிதான் என்று பையைத் தூக்கிக்கொண்டேன்.

பந்தலில் தங்கச்சி ஓடிவந்து, “வாங்கண்ணா,” என்று ஒரு பையை வாங்கிக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஆனால் அவர் கண் என்னைத் தாண்டிச் சாலைக்குப் போய்ப் போய் வந்தது. மாமன் சீர் என்றால் மாமன் வீட்டுப் பெண்கள் தட்டுகளைத் தலையிலும் கையிலுமாக ஏந்தி, மேளத்தோடு தெருமுனையிலிருந்து வர வேண்டும். என்னிடம் தட்டு இருந்தது. ஏந்த ஆள் இல்லை. நாத்தனார் அம்மா அதை முதலில் கண்டுபிடித்தார்.

“என்னா மாமா, உங்க வூட்டு சனமெல்லாம் எங்க? பைக்குள்ளயா வெச்சிருக்கறீங்க?”

பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சீர்வரிசையில் மாமனைக் கேலி செய்வது வழக்கம்தான். கேலி செய்தால் மாமனாக ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம்.

“சேலைக்குத் தள்ளுபடி உண்டா மாமா? எத்தினி பர்சென்டு?” என்றாள் இன்னொருத்தி.

“மாமன் சீருக்குத் தள்ளுபடி இல்ல தாயி. வேணும்னா உன் வாய்க்குத் தள்ளுபடி தர்றேன், கொஞ்சம் கொறச்சுக்க,” என்றேன். சிரிப்பு என் பக்கம் திரும்பியது. அந்தக் கணம் நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிக நன்றாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டு விசாரித்தார். “தம்பிக்கு எந்த ஊரு? எந்த வகையறா?” இந்தக் கேள்வி எங்கே போனாலும் வரும். கடையிலும் வரும். “அரூர்ங்க. ஜவுளிக்கட வகையறா,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார். குங்குமம் இல்லாததைக் கவனித்தார். அதற்கு மேல் கேட்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைக் காட்டவும் இல்லை.

பந்தலுக்குப் பக்கத்தில் பச்சைத் தென்னோலையைக் குவித்து வைத்திருந்தார்கள். மாமன் கட்டும் குடிசை அது. பெண் அதற்குள் உட்கார்ந்து, பிறகு வெளியே வந்து மாமன் சேலையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் வேட்டியை மடித்துக்கொண்டு நாலு கம்பு நட்டு ஓலையைச் சார்த்திக் கட்ட ஆரம்பித்தேன். சேலை மடித்துப் பழகிய கைக்குத் தென்னோலை பிடிபடவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, வந்து கூடமாட உதவி செய்தார். பெண் ஜன்னல் வழியாகப் பார்த்து, “மாமா, சாஞ்சிருக்குது, செல்பி எடுத்தா விழுந்துரும்,” என்றாள். எப்படியோ குடிசை நின்றது. உச்சியில் கடைசி ஓலையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தெருமுனையில் மேளம் கேட்டது.

மேளம் நான் ஏற்பாடு செய்தது இல்லை.

முன்னால் ஒரு மினி லாரி. அதற்குப் பின்னால் பெண்கள், ஒற்றைப்படை எண்ணிக்கையில் தட்டுகள், ஒவ்வொன்றும் பட்டுத்துணி போட்டு மூடியது. நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில், பேனரில் பார்த்த அதே அடர்ந்த மீசை. பந்தல் முழுக்க எழுந்து நின்றது. என்னிடம் வகையறா கேட்ட பெரியவரும் எழுந்தார்.

தங்கச்சி வாசலில் நின்றவர் நின்றபடியே நின்றார். ஓடவும் இல்லை, அழவும் இல்லை. அண்ணன் அவரைப் பார்க்காமல், நேராகக் குடிசைக்கு வந்தார்.

“எவன் கட்டுனது இது?”

நான் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன்.

“ஓலைய தலைகீழா கட்டியிருக்குது. எந்தங்கச்சி பொண்ணு ஒக்கார்ற குடிச இது,” என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த கயிற்றை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். நான் கட்டிய ஓலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தார். கட்டக் கட்ட அவருக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லாமல் தோளில் முகத்தை இடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் தங்கச்சி ஓடிவந்து ஒரு ஓலையை எடுத்து நீட்டினார். “வர்றதுக்கு இவ்வளவு நாளாண்ணா?” என்றார். அவர், “அந்தக் கயிறக் குடு,” என்றார். இவ்வளவுதான் பேச்சு. சமாதானம் ஆகிவிட்டது.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று பெரியவர்கள் சொல்வதை எத்தனையோ தடவை நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆடிய தசை எதுவும் என்னுடையது இல்லை.

பந்தல் காலோரம் ஒதுங்கி நின்றபோது நாத்தனார் அம்மா வந்து பக்கத்தில் நின்றார். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

“எந்தம்பி பொண்டாட்டிய என்னான்னு நெனச்சீங்க? காரிமங்கலத்துக்கு ஆள் வுட்டு, ‘எனக்கு அரூர்ல ஒரு அண்ணன் கெடச்சிட்டாரு, அவரு சீரோட வர்றாரு, நீ வந்தா வா வராட்டி போ’ன்னு சொல்லி அனுப்பிச்சிட்டா. கேட்டுட்டு அவன் வூட்டுல ஒக்காந்திருப்பானா? உங்களக் காட்டித்தாங்க அவன இழுத்தா.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடையில் நாங்கள் இதைத் தினமும் செய்கிறோம். ஒரு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கவா வேண்டாமா என்று ஒருவர் தயங்கினால், அதே சேலையை வாங்கி அடுத்த மெத்தையில் இருப்பவருக்குக் காட்டுவோம். “அந்தம்மா பாத்துட்டுத் தரட்டும்,” என்போம். அவ்வளவுதான், தயங்கியவருக்கு அது தன் சேலை ஆகிவிடும். எழுந்து வந்து வாங்கிக்கொள்வார். அடுத்த மெத்தைக்காரருக்கு அந்தச் சேலை பிடித்திருந்ததா என்று நாங்கள் கேட்டதே இல்லை.

கோபம் வரவில்லை. இதைச் செய்யாமல் தங்கச்சி வேறு என்ன செய்திருக்க முடியும்? பேனர் அடிக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணன் வருவார் என்று. இல்லை, தெரிந்திருக்காது, வர வேண்டும் என்று அடித்திருக்கிறார். வராமல் போயிருந்தால் நான் நின்றிருப்பேன். அதுவும் பொய் இல்லை. வந்தால் அவர், வராவிட்டால் நான்.

தங்கச்சி வந்தார். முந்தானையைச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணா, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. உங்க தட்டும் சபையிலதான் வெப்போம். சாப்புட்டுத்தான் போவணும்.”

“நீ போம்மா, நேரமாவுது. மணையில உக்கார வை,” என்றேன்.

என் தட்டுகளை அத்தை சீர், சித்தப்பா சீர் என்று வைத்திருந்த வரிசையின் கடைசியில் வைத்தார்கள். பெண்ணைக் குளிப்பாட்டிச் சேலை கட்ட உள்ளே அழைத்துப் போகும்போது அவள் என் பக்கமாக வந்து, “மாமா, அரக்குதான் கொண்டாந்திருக்காங்க,” என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

“ஒரு சுத்து கட்டிட்டு வா. உங்கம்மா மொகத்தப் பாரு, அப்புறம் சொல்லு கலர் எப்படி இருக்குதுன்னு.”

கட்டிக்கொண்டு வந்தாள். அரக்கு அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருடமாக இதே தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், சரிகை கொஞ்சம் கனம், மற்றபடி குறையில்லை. அண்ணன் மாலை போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். போட்டோகிராபர், “தாய்மாமன் பேமிலி மட்டும் நில்லுங்க,” என்றார். நான் பந்தல் காலிலிருந்து இன்னும் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன், படத்தில் விழாமல் இருக்க.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் நின்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். என் இலைக்கு எதிரில் நின்று, “கடைக்காரரே, பாயசம் ரெண்டாந்தரம் வெச்சுக்குங்க. சங்கடப்படாதீங்க,” என்றார். நல்ல மனுசன். வைத்துக்கொண்டேன்.

பேருந்து வரும் வரை நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். சித்தேரி மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. காலி பைகள் இரண்டையும் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தேன். பேருந்தில் அதே கண்டக்டர். என்னைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆசையாகக் கேட்டாள். “எப்படிடா நடந்துச்சு? மால போட்டியா?”

“எல்லாம் நல்லா நடந்துச்சு.”

“புள்ள உன்னைய மாமான்னு கூப்புட்டாளா?”

“கூப்புட்டா.”

மணி அடித்தது. “சரிடா, ஜெபத்துக்கு நேரமாச்சு,” என்றாள். மணிக்கு நான் நன்றி சொன்ன நாள் அது ஒன்றுதான்.

அதன் பிறகு தங்கச்சி கடைக்கு வரவில்லை. ஆடித் தள்ளுபடிக்கும் வரவில்லை. சட்டைத்துணி நண்பர், “நல்ல வாடிக்கையக் கெடுத்துக்கிட்ட,” என்றார். போன் செய்யலாம் என்று எடுப்பேன். என்ன பேசுவது? நான் ஏதாவது சொன்னால் குத்திக்காட்டுவது போல ஆகும். ஒன்றும் நடக்காதது போலப் பேசினால் அதுவும் குத்திக்காட்டுவதுதான். வைத்துவிடுவேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கீழ்த்தளத்தில் கூட்டம் நெரிந்தது. மாடிப்படியின் திருப்பத்திலிருந்து பார்த்தேன். படிக்கட்டு அருகே தங்கச்சி நின்றுகொண்டிருந்தார். கூட அண்ணன் மனைவி. சீர்த்தட்டு வரிசையில் முதல் தட்டை ஏந்தி வந்தவர். அவருக்குத் தீபாவளிக்குப் பட்டு எடுத்துக் கொடுக்க அழைத்து வந்திருக்கிறார் போல. பட்டு மாடியில்தான். மாடியில் நான். அவர் ஒரு படி ஏறினார், இறங்கினார். விலை குறைந்த பாலியஸ்டர் சேலைகளைப் புரட்டுவது போல நின்றார். அண்ணன் மனைவி, “இதுவா? பட்டுன்னு சொன்னியேம்மா?” என்று கேட்பது எனக்குக் கேட்டது.

அங்கேயே நின்று யோசித்தேன். நான் ‘வா தங்கச்சி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மேலே வந்துவிடுவார். வந்து உட்கார்ந்து, அண்ணி முன்னால், நடந்ததற்கெல்லாம் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். நான் அண்ணனாக இருக்கும் வரைக்கும் அவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பார். திரும்பக் கிடைத்த பிறந்த வீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் எதற்கு அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்?

இரண்டு படி இறங்கி நின்றேன். முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

“வாங்க மேடம். பட்டு மேல இருக்குதுங்க. புது ஸ்டாக் வந்திருக்குது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி முகம் சுண்டியது. பிறகு அது மெல்லத் தளர்ந்தது. வெகுநேரம் கையில் பிடித்திருந்த பாத்திரத்தை ஒருவர் வாங்கி வைத்தது போல.

“வாங்கண்ணி, மேல பாக்கலாம்,” என்றார்.

மெத்தையில் உட்கார்ந்தார்கள். நான் என்ன ரகம், என்ன நிறம் என்று மட்டும் கேட்டேன். குடும்பம், பிள்ளை, மழை எதுவும் கேட்கவில்லை. அண்ணன் மனைவி என்னை இரண்டு மூன்று தரம் உற்றுப் பார்த்தார்.

“இவர எங்கியோ பாத்த மாதிரி இருக்குது. உனக்குப் பழக்கமா?”

“கட பழக்கம்ணி,” என்றார் அவர். “ரொம்ப வருசமா இங்கதான் எடுக்கறோம்.”

“ஆமாங்க மேடம். ரெகுலர் கஸ்டமருங்க,” என்றேன்.

மயில்கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்தார்கள். நல்ல தேர்வு. பில் போடும் இடத்தைக் காட்டினேன். படியிறங்கும்போது அவர் ஒரு கணம் நின்றார். “வரேங்க,” என்றார். உறவு எதுவும் சேர்க்கவில்லை. “வாங்க மேடம்,” என்றேன்.

அவர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய சேலைகள் மெத்தை முழுக்க விரிந்து கிடந்தன. கூட்ட நேரம். அடுத்தவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் மடித்து அடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, முந்தியை உள்ளே வைத்து, பழைய மடிப்புத் தடத்திலேயே மடித்தேன்.